நூறு மைல் மலைப்பாதை, பன்னிரண்டு மணி நேரம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடருக்கு நடுவே, லெட்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பொழுது புலரும் வேளையில், அவ்வூரின் ஆறாவது தெருவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மிதிவண்டிகளைப் பிடித்தபடி நெருக்கியடித்து நிற்கின்றனர். கோடைக்காலம்தான், ஆயினும் குளிர் உறைநிலைக்கு மிக அருகில் இருக்கும். கையுறை இல்லாமல் பிரேக்கைப் பிடிக்க இயலாது. காலை 6.30 மணிக்கு வேட்டுச் சத்தம் கேட்டதும் கூட்டம் நகரத் தொடங்குகிறது.

'லெட்வில் டிரெயில் 100' என்பது இம்மலைமிதிவண்டிப் பந்தயத்தின் பெயர். 1994 முதல் நடைபெற்று வருகிறது. நூறு மைல் என்பது பெயரளவில்தான்; அளந்து பார்த்தால் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 165 கிலோமீட்டர் வரும். அதில் பெரும்பகுதி தார் காணாத காட்டுப்பாதை, ஜீப் தடம், கற்கள் புரளும் சரிவு. மாலை 6.30 மணிக்குள் அதே தெருவுக்குத் திரும்பி வருவோருக்கு வெள்ளியாலான பெல்ட் பக்கிள் ஒன்று பரிசு. ஒன்பது மணி நேரத்துக்குள் வந்தால் அதைவிடப் பெரிய பக்கிள். பன்னிரண்டு மணி நேரத்தைக் கடந்து வருவோர் வெறும் இடுப்புடன் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இவ்வளவு தொலைவை ஒரே பகலில் கடப்பது வலிமை மிக்க கால்களின் வேலை என்று நினைக்கத் தோன்றும். கால்கள் வேண்டும், ஐயமில்லை. ஆனால் மாலை நாலரை மணிக்கு ஒருவர் எந்த நிலையில் இருப்பார் என்பதைக் காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே அவர் எவ்வளவு செலவிட்டார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. அது எப்படி என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். அதற்கு முன் ஊரைப் பற்றிச் சில சொற்கள். ஏனெனில் இப்பந்தயம் பிறந்ததே ஒரு பொருளாதார நெருக்கடியில்தான்.

1870-களில், இப்பள்ளத்தாக்கில் பொன் அரித்தவர்களுக்குத் தொல்லை தந்த கனத்த மணலைச் சோதித்தபோது, அது வெள்ளி கலந்த ஈயத்தாது என்று தெரிய வந்தது. ஈயத்தின் பெயராலேயே ஊர் எழுந்தது; வெள்ளியால் கொழித்தது. அந்தச் செழிப்பு குலைந்ததில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. வணிகவியல் படித்தவர்களிலும் பலர் இதை அறிந்திருப்பதில்லை. அக்காலம் வரை, வெள்ளியை எவர் கொண்டு வந்தாலும் பம்பாய், கல்கத்தா நாணயசாலைகள் அதை ரூபாயாக அடித்துக் கொடுத்து வந்தன. உலகின் வெள்ளிக்கெல்லாம் இந்தியா ஒரு நிச்சயமான வாடிக்கையாளராக விளங்கியது. 1893 ஜூன் 26 அன்று அந்த வாயில் மூடப்பட்டது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சில நாள்களிலேயே சரிந்தது. அதே ஆண்டின் நவம்பரில் அமெரிக்க அரசும், தான் மாதந்தோறும் வெள்ளி வாங்கக் கட்டாயப்படுத்திய சட்டத்தை நீக்கிக்கொண்டது. கொலராடோ சுரங்கங்கள் வரிசையாக அடைபட்டன. லெட்வில் வெள்ளியால் பெருஞ்செல்வரான ஹோரஸ் டேபர் அனைத்தையும் இழந்து, டென்வர் நகரின் அஞ்சலகத் தலைவராகத் தம் இறுதி நாள்களைக் கழித்தார்.

பின்னர் அவ்வூரைத் தாங்கி நின்றது அருகிலுள்ள கிளைமாக்ஸ் சுரங்கம். எஃகை வலுவூட்டப் பயன்படும் மாலிப்டினம் என்னும் உலோகம் அங்கே வெட்டி எடுக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் எஃகுத் தொழில் தளர்ந்தபோது அச்சுரங்கமும் மூடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். அவ்வாறு வேலை இழந்த சுரங்கத் தொழிலாளருள் ஒருவர் கென் க்ளூபர். நூறு மைல் ஓட்டப் பந்தயம் ஒன்றை 1983-இல் அவர் தொடங்கினார். அவருடைய கணக்கு மிக எளிது. நூறு மைல் ஓடியவர் அன்றே வண்டியேறி ஊர் போய்ச் சேர முடியாது; தங்குவார், உண்பார், உடன் வந்தவர்களும் தங்குவார்கள். ஓட்டம் வேர் பிடித்த பின், பதினோர் ஆண்டுகள் கழித்து மிதிவண்டிப் பந்தயம் சேர்ந்தது. கிளைமாக்ஸ் சுரங்கம் 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது, பந்தயமும் தொடர்கிறது.

இனிப் பாதையைப் பார்ப்போம். லெட்வில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகையின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் என்பதை நினைவில் கொண்டால், இவர்கள் தொடங்கும் இடமே எத்தகையது என்பது விளங்கும். பாதை ஒரு திசையில் சென்று அதே வழியில் திரும்புவது. தொடக்கத்தில் சில கிலோமீட்டர் தார்ச்சாலையில் இறக்கம். உடனே செயின்ட் கெவின்ஸ் என்னும் முதல் ஏற்றம். அதன் பின் ஏரியை ஒட்டிய இறக்கம், ஷுகர்லோஃப் என்னும் இரண்டாம் ஏற்றம், அதன் மறுபுறம் 'பவர்லைன்' எனப்படும் சரிவு. மின்கம்பிகளுக்கு அடியில், மழைநீர் அரித்த பள்ளங்களுக்கு இடையே இறங்கும் அச்சரிவில் விழுந்து எழுந்தவர்கள் பலர். அதற்கப்பால் ஓரளவு சமதளம். பின்னர் 2,800 மீட்டர் உயரத்தில் ட்வின் லேக்ஸ் ஏரிகள். அங்கிருந்து கொலம்பைன் என்னும் பழைய சுரங்கத் தடத்தில், பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டரில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். மரங்கள் வளரும் எல்லையையும் தாண்டி, சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் பாதை திரும்புகிறது. பாதித் தொலைவு அங்கே முடிகிறது. இறங்கி வந்த சரிவுகளையெல்லாம் இனி ஏற வேண்டும் என்பது அங்கு நின்று நினைத்துப் பார்க்கத் தக்க செய்தியன்று.

165 கிலோமீட்டரைப் பன்னிரண்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 13.75 கிலோமீட்டர். சமதளச் சாலையில் பால்காரரின் மிதிவண்டி இதைவிட வேகமாகச் செல்லும். எனவே காகிதத்தில் இது எளிது. இங்கேதான் பள்ளிக் கணிதத்தில் நாம் அசிரத்தையாகக் கடந்த இசைச் சராசரி வந்து நிற்கிறது. ஒருவர் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி, அதே தொலைவை 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறார் என்று கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, சராசரி 18 என்று சொல்லிவிடத் தோன்றும். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம், இறங்குவதற்கு 24 நிமிடம். ஆக 24 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிடம். உண்மைச் சராசரி 10 மட்டுமே. ஏற்றத்தில் இழந்ததை இறக்கத்தில் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை கணக்கில் நிற்பதில்லை. இறக்கத்தில் 30-ஐ 40 ஆக்கினால் மிச்சமாவது ஆறு நிமிடம். விழுந்தால் போவது அந்த நாள் முழுவதும்.

அடுத்த திருடன், நிற்கும் நேரம். உணவு, நீர் வழங்கும் இடங்களில் ஐந்து முறை பத்துப் பத்து நிமிடம் நின்றால் 50 நிமிடம் போய்விடும். எஞ்சிய நேரத்தில் முடிக்க, ஓடும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 14.8 கிலோமீட்டராக உயர வேண்டும். ஒரு கிலோமீட்டர் கூடுதல் என்பது கேட்க அற்பமாக இருக்கும். 3,500 மீட்டரைச் சுற்றி மொத்த ஏற்றம் உள்ள பாதையில் அது அற்பமன்று. ஆகவே அனுபவசாலிகள் நிற்குமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே எழுதி வைத்திருப்பர். குடுவையை மாற்று, பையில் உணவைத் திணி, கிளம்பு. நாற்காலியைக் கண்டால் திரும்பிப் பார்க்காதே என்பது அவர்களிடையே வழங்கும் அறிவுரை. உட்கார்ந்தவர் எழுந்திருக்க எடுத்துக்கொள்ளும் நேரம் எந்த அட்டவணையிலும் அடங்காது.

இத்தனைக்கும் மேல் காற்று. 3,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடு; கொலம்பைன் உச்சியில் 63 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவுதான் குறைகிறது. சமவெளியில் வாழ்பவரின் உச்சத் திறனில் ஆறில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ தொடக்கக் கோட்டிலேயே கழிந்துவிடும். உடல் பழக இரண்டு, மூன்று வாரம் தேவை. அவ்வளவு விடுப்பு யாருக்குக் கிடைக்கிறது? எனவே பலர் பந்தயத்துக்குச் சற்று முன்பாக வந்து சேர்ந்து, குறைந்த திறனுடனேயே தொடங்குகின்றனர். இதில் குறைவென்று எதுவுமில்லை. குறைந்திருக்கிறது என்பதை மறப்பதில்தான் சிக்கல். வீட்டருகே இயல்பாக இருந்த வேகம் இங்கே வரம்பு மீறிய வேகம். முன்னால் ஆயிரம் பேர், பின்னால் ஆயிரம் பேர் எனச் செயின்ட் கெவின்ஸ் ஏற்றத்தில் நெருக்கும்போது, நாலு பேரைத் தாண்டிவிடலாம் என்ற ஆசை எழும். அவ்வாறு தாண்டியதற்கான விலை அப்போது கேட்கப்படுவதில்லை.

அந்த விலை எங்கே பதிவாகிறது என்பதை அறிய, உடலின் இருப்பைப் பார்க்க வேண்டும். தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு 400 முதல் 500 கிராம் வரை உண்டு. ஏறத்தாழ 2,000 கலோரி. கொழுப்பாகவோ, மெலிந்த உடலிலும் பல பத்தாயிரம் கலோரி கிடக்கிறது. வங்கி மொழியில் சொன்னால், முன்னது சேமிப்புக் கணக்கு, நினைத்தவுடன் எடுக்கலாம். பின்னது நிரந்தர வைப்பு. பெருந்தொகைதான், ஆனால் மெதுவாகவே கைக்கு வரும். நிதானமாக மிதிக்கும்போது தேவையின் பெரும்பகுதியைக் கொழுப்பு ஈடுசெய்கிறது. மூச்சு வாங்க மிதிக்கும்போது உடல் முழுக்கச் சர்க்கரையை நோக்கித் திரும்புகிறது. காலையில் இருபது நிமிடம் வேகமாக ஏறியவர், மாலையில் தமக்குத் தேவைப்படும் இருப்பை எடுத்துச் செலவிட்டிருக்கிறார்.

உண்டு நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மணிக்கு 500 கலோரி என்று கொண்டாலும், பதினோரு மணி நேரத்துக்கு 5,500 கலோரி செலவு. குளுக்கோஸை மட்டும் உண்டால் மணிக்கு 60 கிராம் வரையே பயன்பாட்டுக்கு வருகிறது. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்து உண்டால், இரண்டும் குடலில் வெவ்வேறு வழியாக உட்செல்வதால், 90 கிராம் வரை எட்டலாம். அதாவது மணிக்கு 240 முதல் 360 கலோரி. வரவு எப்போதும் செலவை எட்டுவதில்லை. பற்றாக்குறையைக் கொழுப்பு தாங்குமாறு மிதிப்பதே நாளின் திட்டம். சேமிப்பு தீர்ந்துவிட்டால் இக்கணக்கில் மிகைப்பற்று வசதி இல்லை. கண் மங்கும், கால் நகராது, இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்ற சிறு கழித்தலைக்கூட மனம் செய்ய மறுக்கும். சிலர் பாதையோரம் அமர்ந்து காரணமின்றி அழுவதும் உண்டு.

ஆகவே பசிக்கும் வரை காத்திராமல், முதல் அரை மணியிலிருந்தே சிறிது சிறிதாக உண்கின்றனர். உயரத்தில் பசி மங்குகிறது. ஆறாவது மணி நேரத்தில் இனிப்பைக் கண்டாலே குமட்டும். அதனால் உப்பிட்ட உருளைக்கிழங்கும் சூடான சூப்பும் நிற்குமிடங்களில் விரைவில் தீர்ந்துவிடும். நம் ஊர் உப்புக் கஞ்சியும் வாழைப்பழமும் இப்பணியை இவற்றுக்குச் சற்றும் குறையாமல் செய்யும் என்பது என் எண்ணம். கஞ்சியை மிதிவண்டியில் கொண்டு செல்லும் வழிதான் புலப்படவில்லை. நீரிலும் கவனம் வேண்டும். மலைக்காற்று வறண்டது, வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடும், மூச்சிலும் ஈரம் போகும். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை பலருக்குத் தேவைப்படும். உப்பில்லாத வெறும் நீரை அளவு கடந்து குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து மயக்கம் வரலாம்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூர்ங்கற்கள் மிகுந்த பாதையாதலால், ட்யூப் இல்லாத டயரில் ஓட்டையைத் தானே அடைக்கும் திரவத்தை ஊற்றிக்கொள்கின்றனர். காற்றைச் சற்றுக் குறைவாக வைத்தால் பிடிமானம் கூடும். சங்கிலி அறுந்தால் இணைக்க ஒரு கண்ணி, உபரி ட்யூப் ஒன்று, சிறு பம்பு ஆகியவை போதும். நடக்கும் வேகத்திலும் உட்கார்ந்தே மிதிக்கத் தக்க எளிய கியர் மட்டும் கட்டாயம். பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில் புதிய இருக்கை வாங்கிப் பொருத்துபவரை எவராலும் காப்பாற்ற இயலாது.

பயிற்சி என்று வரும்போது, இங்கு வருவோரில் மிகப் பலர் அலுவலகமும் குடும்பமும் உள்ளவர்கள் என்பதை மறக்கலாகாது. வார நாள்களில் ஒரு மணி நேரம், வார இறுதியில் ஐந்து ஆறு மணி நேரம் என்பதே அவர்களால் ஒதுக்க முடிந்த அளவு. அந்த நீண்ட பயணம் இதயத்துக்குப் பயிற்சி என்று எண்ணுவார்கள். வயிற்றுக்கும் உள்ளங்கைக்கும்தான் அது கூடுதலாகப் பயன்படுகிறது. ஆடிக்கொண்டே உண்பதற்கு வயிறும், மணிக்கணக்கில் அதிர்வைத் தாங்கக் கைகளும் பழகியாக வேண்டும். நாற்பதைக் கடந்தவர்கள் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இதை ஒரு சடங்காக எழுதவில்லை.

வென்றவர்களின் கதைகளும் உண்டு. டேவ் வீன்ஸ் என்னும் கொலராடோக்காரர் 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றார்; 2008-இல் லான்ஸ் ஆம்ஸ்டிராங்கையே இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். மறு ஆண்டு ஆம்ஸ்டிராங் வென்றார். 2015-இல் ஆஸ்திரியாவின் அல்பன் லகாட்டா ஆறு மணி நேரத்துக்குள் முடித்த முதல் மனிதரானார். ஆயினும் இவர்களிடமிருந்து நாம் கற்பது குறைவு. அவர்கள் உழைப்பது ஆறு மணி நேரம். பதினொன்றரை மணி நேரத்தில் வருபவர் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நேரம் வெயிலிலும் காற்றிலும் இருக்கிறார். இரு மடங்கு உணவை விழுங்க வேண்டும். பிற்பகலில் மலைமேல் திரளும் இடியையும் ஆலங்கட்டி மழையையும் சந்திக்க வேண்டும். கொலம்பைன் உச்சிக்கு அருகே, முன்னவர்கள் இறங்கி வரும் அதே குறுகிய தடத்தின் ஓரத்தில், ஒருவர் வண்டியை விட்டு இறங்கினால் பின்னால் வரும் அத்தனை பேரும் இறங்கித் தள்ள வேண்டும். முதலில் செல்பவர்களுக்கு அந்த நெரிசல் இல்லை.

காலையில் எல்லாரும் இறங்கி வந்த பவர்லைன், திரும்பும் வழியில் ஏறத்தாழ 130-ஆவது கிலோமீட்டரில் ஏற்றமாக எதிர்ப்படுகிறது. தொடக்கச் சரிவு மிகச் செங்குத்து. பெரும்பாலோர் இறங்கித் தள்ளிக்கொண்டே நடக்கின்றனர். இதில் வெட்கமேதும் இல்லை. அவ்விடத்தில் மிதிப்பவரின் வேகமும் நடப்பவரின் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. நடப்பவருக்குச் செலவு குறைவு. உச்சி வந்துவிட்டது என்று தோன்றும் இடங்கள் பல உண்டு. ஒவ்வொன்றையும் அடைந்த பிறகுதான் மின்கம்பி இன்னும் மேலே போவது தெரியும். காலையில் நாலு பேரைத் தாண்டியவர்கள் இங்கே நாற்பது பேருக்கு வழிவிட்டு நிற்பதைக் காணலாம். காலையில் பேச்சுக் கொடுத்தபடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு ஏறியவர்கள், வேகம் கூட்டாமலே அவர்களைக் கடந்து போகின்றனர்.

பவர்லைனுக்குப் பின்னும் இறக்கம், தார்ச்சாலையில் ஓர் ஏற்றம், இறக்கம். கடைசியாக ஊருக்குள் நுழைவதற்கு முன், பூலவார்டு என்று அவர்கள் அழைக்கும் மண்சாலை. பெயரைக் கேட்டு மரநிழல் வீதியை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. உருளும் கற்களும் மெல்லிய ஏற்றமுமாகச் சில கிலோமீட்டர் அது நீள்கிறது. பக்கிளுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது இங்கேதான். நிற்குமிடத்தில் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடங்களுக்கு இப்போதுதான் மதிப்புத் தெரியும். மண்சாலை முடிந்து தார் தொடங்குகிறது. ஆறாவது தெருவில் சிறிய மேடு ஒன்று. அதன் மேல் ஏறியதும், தெருக்கோடியில் விரித்திருக்கும் சிவப்புக் கம்பளமும், இருபுறமும் நின்று மணி அடித்து ஆரவாரிக்கும் ஊராரும், முடிவுக் கோட்டில் ஓடும் கடிகாரமும் கண்ணுக்குத் தெரியும். அக்கடிகாரத்தின் எண்களைப் படிக்க, இன்னும் சற்று நெருங்க வேண்டும்.